பசுமை வளையமும் பகிராத பந்தியும்: லூத்தரன் ஆலயங்களில் திருவருகைக்காலம்



திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று நம் பங்கு ஆலயங்களில் பீடத்தின் அருகே பசுமையான வளையம் ஒன்று இடம்பெறுகிறது. சில பங்குகளில் சவுக்குக் கிளைகளால் கட்டுகிறோம். சில பங்குகளில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இலைகளால் அலங்கரிக்கிறோம். அதன்மேல் மூன்று ஊதா நிற மெழுகுதிரிகளும், ஒரு ரோஸ் நிற மெழுகுதிரியும் நிற்கின்றன. அருள்பணியாளர் வளையத்தை அர்ச்சிக்கிறார். பங்கின் குழந்தை ஒன்று முன்வந்து முதல் திரியை ஏற்றுகிறது. அந்த நொடியில் நம் உள்ளத்தில், 'ஆண்டவர் வருகிறார்' என்ற எதிர்பார்ப்பு பிறக்கிறது.

இந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? உரோமையிலிருந்து வந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு பழைய துறவு மடத்திலிருந்து வந்திருக்கும் என்றே நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மை வேறு. ஜெர்மனி நாட்டின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்காக லூத்தரன் சபையினர் நடத்திய ஓர் இல்லத்தில்தான் இது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்தே கத்தோலிக்க ஆலயத்திற்குள் வந்தது.

நாம் அர்ச்சித்து, முழந்தாளிட்டுச் செபிக்கும் இடத்தில், பிரிந்த நம் சகோதரர்களின் கொடை ஒன்று ஒளி தந்துகொண்டிருக்கிறது. இந்தச் சிந்தனையோடு, லூத்தரன் ஆலயங்களில், சிறப்பாக அச்சபை பிறந்த ஜெர்மனி நாட்டில், திருவருகைக்காலம் எவ்வாறு வாழப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள முயல்வோம்.

கரடுமுரடான வீட்டில் பிறந்த ஒளி

யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் 1808ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் பிறந்தவர். இறையியல் படித்துவிட்டு ஊர் திரும்பிய அந்த இளைஞர், ஞாயிறு பள்ளிப் பணிக்காக ஏழைகளின் குடியிருப்புகளுக்குச் சென்றார். துறைமுக நகரின் நெருக்கடியான சந்துகளில் பசியோடும், கல்வியின்றியும், பெற்றோரின் கவனிப்பின்றியும் வளர்ந்த பிள்ளைகளைக் கண்டார். 1833ஆம் ஆண்டு, நகருக்கு வெளியே ஹார்ன் என்ற கிராமத்தில் ஓலைக்கூரை வேய்ந்த பழைய வீடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் பெயர் 'ரௌஹெஸ் ஹௌஸ்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'கரடுமுரடான வீடு' என்று பொருள். தொடக்கத்தில் 12 சிறுவர்கள் அங்கே சேர்ந்தார்கள். அவர்களை ஒரே கூடத்தில் அடைத்து வைக்காமல், சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூத்த சகோதரரைப் பொறுப்பாக்கி வளர்த்தார் விக்கெர்ன்.

டிசம்பர் மாதம் வந்தால் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா? 'கிறிஸ்துமஸ் எப்போது வரும்? இன்னும் எத்தனை நாள்?' என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பதில் சொல்லிச் சலிப்பதற்குப் பதிலாக, அவர்களே எண்ணிப் பார்க்கும்படி ஒரு வழி செய்தார் விக்கெர்ன். 1839ஆம் ஆண்டு, மர வளையம் ஒன்றைச் செபக்கூடத்தில் தொங்கவிட்டார். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றுதான் அந்த வளையம் ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன்மேல் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளும், வார நாட்களுக்கு 20 சிறிய சிவப்புத் திரிகளும் இருந்தன. அந்த ஆண்டு திருவருகைக்கால முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் தேதி வந்தது. எனவே கிறிஸ்துமஸ் முந்திய நாள் வரை சரியாக 24 நாட்கள். ஒவ்வொரு நாளும் செப நேரத்தில் ஒரு திரி கூடுதலாக ஏற்றப்பட்டது. வெளியே பொழுது சுருங்கிக்கொண்டே போக, உள்ளே வெளிச்சம் பெருகிக்கொண்டே வந்தது. எண் அறியாத பிள்ளைகூட இன்னும் எத்தனை திரி மீதி இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

வட ஜெர்மனியில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊரில் மெழுகுதிரி ஓர் அடையாளம். அந்தப் பிள்ளைகளுக்கோ அது கண்ணுக்குத் தேவையான வெளிச்சமாகவும் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அந்த வளையத்தில் ஊசியிலை மரக் கிளைகள் சுற்றப்பட்டன. அங்கே பயிற்சி பெற்ற சகோதரர்கள் வேறு ஊர்களுக்குப் பணிக்குச் சென்றபோது வளையத்தையும் எடுத்துச் சென்றார்கள். வீடுகளுக்கு 24 திரிகள் அதிகம் என்பதால், ஞாயிறுகளுக்குரிய நான்கு மட்டும் நின்றன. 1925ஆம் ஆண்டு கொலோன் நகரிலும், 1930ஆம் ஆண்டு மியூனிக் நகரிலும் கத்தோலிக்க ஆலயங்களில் இவ்வளையம் இடம்பெற்றது. நம் வழிபாட்டு நிறங்களுக்கு ஏற்ப ஊதாவும் ரோஸும் பின்னர் சேர்ந்தன. ஜெர்மானிய வீடுகளில் இன்றும் நான்கு சிவப்புத் திரிகளையே அதிகம் காண்கிறோம்.

'ரௌஹெஸ் ஹௌஸ்' இன்றும் ஹாம்பர்க்கில் இயங்கிவருகிறது. இளையோர், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்குப் பணி செய்கிறது. விக்கெர்ன் 1848ஆம் ஆண்டு விட்டன்பெர்க் நகரில் கூடிய சபைத் தலைவர்கள்முன் எழுந்து, நம்பிக்கையைப் போலவே அன்புச் செயலும் திருச்சபைக்கு உரியது என்று முழங்கினார். ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் சபைகள் நடத்தும் 'டியாகோனி' என்ற மாபெரும் சமூகப் பணி அமைப்பு அந்த அழைப்பிலிருந்து வளர்ந்ததே. ஆக, நம் பீடத்தருகே இருக்கும் வளையம் அலங்காரத்திற்காகப் பிறந்தது அல்ல. ஏழைப் பிள்ளைகளின் காத்திருத்தலுக்காகப் பிறந்தது.

இறந்தோரின் பெயர்களோடு தொடக்கம்

லூத்தரன் மக்கள் திருவருகைக்காலத்திற்குள் நுழையும் விதமும் நம் சிந்தனைக்குரியது. திருவருகைக்கால முதல் ஞாயிறுக்கு 11 நாட்களுக்கு முன், ஒரு புதன்கிழமையன்று, மனமாற்றத்திற்கும் செபத்திற்கும் உரிய நாளை அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். நாடு முழுவதும் அரசு விடுமுறையாக இருந்த இந்த நாள், 1995ஆம் ஆண்டு முதல் சாக்சனி மாநிலத்தில் மட்டுமே விடுமுறையாகத் தொடர்கிறது. ஆனாலும் ஆலயங்களில் மாலை வழிபாடு நடக்கிறது.

அதைத் தொடரும் ஞாயிறு, வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு. நாம் கிறிஸ்து அரசர் பெருவிழாவைக் கொண்டாடும் அதே நாளில், அவர்கள் இறந்தோரை நினைவுகூருகிறார்கள். 1816ஆம் ஆண்டு பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் இந்நாளை ஏற்படுத்தினார். முடிவில்லா வாழ்வின் ஞாயிறு என்றும் இதற்குப் பெயர் உண்டு. அந்த ஓராண்டில் அடக்கம் செய்யப்பட்ட சபை மக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. பல ஆலயங்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திரி ஏற்றப்படுகிறது. குடும்பத்தார் அழைக்கப்பட்டு முன்வரிசையில் அமர்கிறார்கள். பிறகு கல்லறைக்குச் சென்று பசுந்தழைகளை வைக்கிறார்கள்.

நவம்பர் 2ஆம் தேதி நாமும் கல்லறைத் தோட்டத்தில் திரி ஏற்றிச் செபிக்கிறோம். இறந்தோருக்காகச் செபிப்பது பற்றிய நம் போதனை வேறு, அவர்களுடையது வேறு. ஆயினும், தன் மக்களின் பெயர்களைக் கடவுள்முன் உரக்கச் சொல்லும் அந்த அன்பு ஒன்றுதான். ஒரு வாரம் இறந்தோருக்காகத் திரி ஏற்றிய கைகள், அடுத்த வாரம் பிறக்கவிருக்கும் மீட்பருக்காகத் திரி ஏற்றுகின்றன. கண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணீரோடும் காத்திருக்கலாம்.

நான்கு ஞாயிறுகளின் வழிபாடு

திருவருகைக்கால ஞாயிறன்று லூத்தரன் ஆலயத்திற்குள் நுழைந்தால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. பீடத்திலும் பிரசங்க மேடையிலும் ஊதா நிறத் துணி தொங்குகிறது. நம்மைப் போலவே வானவர் கீதத்தைப் பாடாமல் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் போதகர் கறுப்பு அங்கியும், கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் அணிந்திருப்பார். சில இடங்களில் வெள்ளை அங்கியும் தோள்பட்டையும் உண்டு. போதகர் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். உலகிலேயே லூத்தரன் சபையின் முதல் பெண் ஆயர் 1992ஆம் ஆண்டு இதே ஹாம்பர்க்கில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நற்செய்தியில் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. முதல் ஞாயிறன்று நாம் விழித்திருத்தல் பற்றிய பகுதியை வாசிக்கிறோம். அவர்களோ இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழையும் பகுதியை வாசிக்கிறார்கள். குருத்து ஞாயிறன்று நாம் கேட்கும் அதே பகுதி! இது லூத்தர் புகுத்திய மாற்றம் அல்ல. அவருக்கு முன்பே மேற்கத்திய திருச்சபையில் பல இடங்களில் இருந்த பழைய வழக்கத்தை அவர்கள் காத்து வருகிறார்கள். குடிலுக்கு வருகிறவர் சிலுவைக்கும் வருகிறார் என்பதைத் திருவருகைக்காலத்தின் முதல் நாளே சொல்லிவிடும் வாசகம் அது. இரண்டாம் ஞாயிறு, ஆண்டவர் மாட்சியோடு திரும்பி வருவதை நினைவூட்டுகிறது. மூன்றாம் ஞாயிறு, வழியை ஆயத்தம் செய்யும் திருமுழுக்கு யோவானுக்கு உரியது. நான்காம் ஞாயிறு அன்னை மரியாவுக்கு உரியது.

அன்னை மரியாவுக்கு லூத்தரன் சபையில் இடம் இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மரியாவின் பாடலுக்கு லூத்தர் முழுமையான விளக்கவுரை ஒன்றை எழுதியிருக்கிறார். அது எந்த ஆண்டில் வெளிவந்தது தெரியுமா? அவர் திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கப்பட்ட அதே 1521ஆம் ஆண்டில். அதில் மரியாவை இறைவனின் தாய் என்றே அழைக்கிறார். தன் தாழ்நிலையைக் கடவுள் கண்ணோக்கினார் என்ற வியப்பே அப்பாடலின் மையம் என்று எடுத்துக்காட்டுகிறார். மரியாவிடம் பரிந்துரை வேண்டும் வழக்கத்தில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் திருவருகைக்காலத்தின் கடைசி ஞாயிறன்று இரு ஆலயங்களிலும் ஒலிப்பது அதே பாடல்.

போர்க்காலத்தில் பிறந்த இரண்டு பாடல்கள்

லூத்தரன் வழிபாட்டின் உயிர்நாடி மக்கள் பாடும் பாடல். பாடகர் குழு மட்டுமல்ல, கடைசி இருக்கையில் இருப்பவரும் பாட வேண்டும் என்று விரும்பினார் லூத்தர். புனித அம்புரோசியார் இலத்தீனில் இயற்றிய பழமையான திருவருகைப் பாடல் ஒன்றை 1524ஆம் ஆண்டு அவரே ஜெர்மன் மொழியில் ஆக்கினார். திருச்சபைத் தந்தையின் பாடல், பிரிவுக்குப் பின்னும் லூத்தரன் மக்களின் வாயில் நிலைத்தது. அதை அடிப்படையாகக் கொண்டு இசைமேதை பாக் 1714ஆம் ஆண்டும் 1724ஆம் ஆண்டும் திருவருகை முதல் ஞாயிறுக்கான இசைப் படைப்புகளை உருவாக்கினார்.

அதைவிட நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1618ஆம் ஆண்டு ஜெர்மன் நாடுகளில் முப்பதாண்டுப் போர் மூண்டது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட் மக்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த அந்நாட்களில், 1622ஆம் ஆண்டு, விண்ணகத்தைக் கிழித்துக்கொண்டு மீட்பர் வரவேண்டும் என்று மன்றாடும் திருவருகைப் பாடல் ஒன்று வெளிவந்தது. அதை இயற்றியவர் இயேசு சபை அருள்பணியாளர் பிரெடரிக் ஷ்பே. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்ட பெண்களுக்காக 1631ஆம் ஆண்டு நூல் எழுதி வாதாடியவர் அவர். 1635ஆம் ஆண்டு ட்ரியர் நகரில் நோயுற்ற படைவீரர்களுக்குப் பணி செய்து, அதே நோய் தொற்றி இறந்தார்.

ஷ்பேயின் பாடல் வெளிவந்த மறு ஆண்டு, 1623இல், கோனிக்ஸ்பெர்க் நகரில் புதிய ஆலயம் ஒன்றின் அர்ச்சிப்புக்காக லூத்தரன் போதகர் கேயோர்க் வைஸல், திருப்பாடல் 24ஐ அடிப்படையாகக் கொண்டு இன்னொரு திருவருகைப் பாடலை இயற்றினார். மாட்சியின் அரசர் உள்ளே வர வாயில்கள் திறக்கட்டும் என்பது அதன் கருத்து.

இன்று என்ன நடக்கிறது? ஜெர்மன் புராட்டஸ்டண்ட் பாடல் நூலில் வைஸலின் பாடல் முதல் எண்ணிலும், இயேசு சபையினரான ஷ்பேயின் பாடல் ஏழாம் எண்ணிலும் இருக்கின்றன. கத்தோலிக்கப் பாடல் நூலிலும் இரண்டும் உள்ளன. எதிரெதிர் அணியில் நின்ற இருவரின் மன்றாட்டுகளை இரு சபைகளும் சேர்த்தே பாடுகின்றன. இறையியலார் பேசி முடிப்பதற்கு முன்பே பாடல்கள் எல்லையைக் கடந்துவிட்டன.

வாரநாட்களின் குழும வாழ்வு

திருவருகைக்காலம் லூத்தரன் மக்களுக்கு ஞாயிறோடு முடிவதில்லை. பல ஊர்களில் 'உயிருள்ள திருவருகை நாள்காட்டி' என்ற வழக்கம் உண்டு. டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டின் சன்னல் அலங்கரிக்கப்பட்டு, அந்நாளின் எண் அதில் ஒளிரும். அக்கம்பக்கத்தார் அந்த வீட்டின்முன் குளிரில் கூடி நிற்பார்கள். ஒரு பாடல், ஒரு சிறு கதை அல்லது இறைவார்த்தை, ஒரு செபம். பிறகு சூடான பானம் பகிரப்படும். மறுநாள் வேறு வீடு. பெரும்பாலும் கத்தோலிக்கரும் லூத்தரன் மக்களும் இதைச் சேர்ந்தே நடத்துகிறார்கள். தனியே வாழும் முதியவர் ஒருவரின் சன்னலுக்கும் ஒரு நாள் கிடைக்கிறது என்பதே இதன் அழகு.

ஆலயங்களின் ஊதுகருவிக் குழுக்களும் இந்நாட்களில் ஓய்வதில்லை. பள்ளிச் சிறுவரும் ஓய்வுபெற்ற தாத்தாக்களும் ஒரே குழுவில் நின்று, மருத்துவமனை முற்றங்களிலும் முதியோர் இல்லங்களிலும் திருவருகைப் பாடல்களை வாசிக்கிறார்கள். சபை மண்டபத்தில் கைவினைப் பொருள்களும் பலகாரங்களும் விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குக் கொடுக்கிறார்கள். 'உலகிற்கு உணவு' என்று பொருள்படும் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் அறப்பணி இயக்கம் 1959ஆம் ஆண்டு தொடங்கியது. ஆண்டுதோறும் அதன் நன்கொடை இயக்கம் திருவருகை முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. ஜெர்மன் கத்தோலிக்கர்களும் 1961ஆம் ஆண்டு முதல் இதே காலத்தில் 'அட்வேனியாட்' என்ற பெயரில் இலத்தீன் அமெரிக்கத் திருச்சபைக்காகக் காணிக்கை திரட்டுகிறார்கள்.

எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று நாம் எண்ணிவிடக்கூடாது. ஆண்டின் மற்ற ஞாயிறுகளில் பல ஆலயங்களில் இருக்கைகள் காலியாக இருக்கின்றன. கிறிஸ்துமஸ் முந்திய இரவில் நிரம்பும் ஆலயம் அடுத்த ஞாயிறன்று வெறிச்சோடுகிறது. கடைவீதியில் கிறிஸ்துமஸ் சந்தை நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. பாக் வாழ்ந்த லைப்சிக் நகரில் திருவருகை முதல் ஞாயிறுக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை பெரிய இசைப் படைப்புகள் ஆலயத்தில் ஒலிக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த மௌனம் இன்று அரிதாகிவிட்டது.

நம் நிலை என்ன? டிசம்பர் தொடங்கியதுமே கேரல் பவனி, கேக் வெட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா. நான்காம் திரி ஏற்றப்படும் முன்பே கிறிஸ்துமஸ் விழாக்கள் பலவும் முடிந்துவிடுகின்றன. காத்திருக்கக் கற்றுத்தந்த வளையம் பீடத்தருகே இருக்க, நாம் காத்திருக்க மறந்துவிடுகிறோம்.

நம் மண்ணில் லூத்தரன் மக்கள்

லூத்தரன் சபை நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் போதகர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் அவர். 1718ஆம் ஆண்டு அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. 1919ஆம் ஆண்டு உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டது. தஞ்சை, திருச்சி, மயிலாடுதுறைப் பகுதிகளில் அவர்களும் நாமும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறோம்.

தொடக்கத்தில் உறவு கசப்பாகவே இருந்தது. நாம் போற்றும் வீரமாமுனிவர், 'லூத்தர் இனத்தியல்பு' என்ற நூலை எழுதி அவர்களைக் கடுமையாகச் சாடினார். அவர்களும் நம்மைச் சாடினார்கள். தமிழ் உரைநடை வளர்ந்தது. சகோதர அன்பு வளரவில்லை. ஆனால் 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்க அறிஞரும் பிற சபை அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து உழைத்தார்கள். நம் ஆலயங்களில் இன்று வாசிக்கும் இறைவார்த்தை அந்தக் கூட்டு உழைப்பின் கனி.

பகிராத பந்தி

இனி, நாம் தவிர்க்க முடியாத கேள்விக்கு வருவோம். வளையத்தைப் பகிர்கிறோம், பாடலைப் பகிர்கிறோம், இறைவார்த்தையைப் பகிர்கிறோம். ஆனால் ஆண்டவரின் பந்தியைப் பகிர்வதில்லை.

இந்த வலியை ஏட்டில் படிப்பதை விட வீட்டில் உணர்கிறவர்கள் நம் பங்குகளில் உண்டு. லூத்தரன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம் மகள்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்க மனைவியோடு ஞாயிறுதோறும் நம் ஆலயத்துக்கு வந்து, நற்கருணை வேளையில் இருக்கையிலேயே அமர்ந்துவிடும் கணவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில், 'அப்பா ஏன் வரிசையில் வரவில்லை?' என்று பிள்ளை கேட்டால், அந்தத் தாய் என்ன சொல்வார்?

ஆண்டவர் அப்பத்திலும் இரசத்திலும் உண்மையாகவே உடனிருக்கிறார் என்பதை லூத்தரன் சபையினர் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையிலேயே அறிக்கையிட்டார்கள். அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுவது பற்றியும், குருத்துவ அருளடையாளம் பற்றியும், திருத்தூதர் வழிவரும் ஆயர் பணி பற்றியும் நமக்கும் அவர்களுக்கும் இன்னும் முழு உடன்பாடு இல்லை. நற்கருணை முழு ஒன்றிப்பின் அடையாளம் என்பதால், அந்த ஒன்றிப்பு வரும்வரை நம் திருச்சபை காத்திருக்கச் சொல்கிறது. அவர்களின் வழிபாட்டில் நாம் பங்கேற்று, சேர்ந்து செபிக்கலாம், பாடலாம். ஆனால் அவர்களின் திருவிருந்தில் உட்கொள்வதில்லை. இது வெறுப்பால் வந்த விலகல் அல்ல; இன்னும் முடிவடையாத ஒரு காத்திருத்தல்.

இந்தக் காத்திருத்தலில் சில திரிகள் ஏற்றப்பட்டுவிட்டன. 1964ஆம் ஆண்டு 2ஆம் வத்திக்கான் சங்கம், பிரிவுக்கான குற்றம் இரு தரப்பிலும் இருந்ததை ஒப்புக்கொண்டது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உரோமை நகரில் சிசிலியா வீதியிலுள்ள லூத்தரன் ஆலயத்துக்குச் சென்று, அம்மக்களோடு இறைவார்த்தை வழிபாட்டில் பங்கேற்று மறையுரை வழங்கினார். லூத்தர் பிறந்த 500ஆம் ஆண்டு அது. அவரை விலக்கிவைத்த உரோமையின் ஆயர், அவர் பெயர் தாங்கிய மக்களோடு திருவருகைக்காலத்தில் சேர்ந்து செபித்தார்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் இரு சபைகளும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கடவுளின் அருளாலேயே, கிறிஸ்துவில் கொள்ளும் நம்பிக்கையின் வழியாக நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். லூத்தர் எழுப்பிய மையக் கேள்விக்கு இருவரும் சேர்ந்து அளித்த பதில் அது.

2015ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையிலுள்ள அதே ஆலயத்துக்குச் சென்றார். கத்தோலிக்கர் ஒருவரை மணந்த லூத்தரன் பெண்மணி எழுந்து, ஆண்டவரின் பந்தியில் தாங்கள் எப்போது சேர்ந்து பங்கேற்க முடியும் என்று கேட்டார். அனுமதி அளிப்பது தன் அதிகாரத்திற்கு உட்பட்டதல்ல என்று சொன்ன திருத்தந்தை, அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆண்டவரோடு பேசி முன்னேறிச் செல்லுமாறு கூறினார். அடுத்த ஆண்டு, அக்டோபர் 31ஆம் தேதி, ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவரோடு அவர் கையெழுத்திட்ட அறிக்கை, வாழ்வு முழுவதையும் பகிர்ந்தும் ஆண்டவரின் பந்தியைப் பகிர முடியாத தம்பதியரின் வேதனையை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. நம் வீடுகளின் கண்ணீர், திருச்சபையின் ஏட்டில் பதிவாகிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய முடிவுகள் நம் கையில் இல்லை. சிறிய காரியங்கள் உண்டு. இந்தத் திருவருகைக்காலத்தில் வளையத்தை ஏற்றும்போது, அது எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் தெருவில் வாழும் லூத்தரன் குடும்பத்தாரை ஒரு மாலை நம் வீட்டுச் செபத்துக்கு அழைக்கலாம். அவர்கள் ஆலயத்தில் நடக்கும் பாடல் வழிபாட்டுக்கு நாமும் போகலாம். நம் அன்பியத்தில் ஒருவர் கலப்புத் திருமணக் குடும்பத்தைக் குறைவாகப் பேசினால், அங்கேயே அன்போடு தடுக்கலாம். இரு சபைகளின் இளையோரும் சேர்ந்து ஒரு முதியோர் இல்லத்துக்கோ, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கோ செல்லலாம். வளையம் பிறந்த இடத்திற்கே அதைத் திருப்பி எடுத்துச் செல்வதாக அது அமையும். சனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரத்தையும் மறவாதிருப்போம்.

ஹாம்பர்க் இல்லத்தின் பிள்ளைகள், 'இன்னும் எத்தனை நாள்?' என்று கேட்டார்கள். ஒரே பந்தியில் எப்போது அமர்வோம் என்று நம் குடும்பங்களும் கேட்கின்றன. விக்கெர்ன் அந்தப் பிள்ளைகளை அதட்டவில்லை. அவர்கள் கண்முன் தினம் ஒரு திரியை ஏற்றினார். நாமும் ஒவ்வொரு திரியாக ஏற்றுவோம். மீதி எத்தனை என்பதை ஆண்டவர் அறிவார்.

செபம்: எல்லாரும் ஒன்றாய் இருக்க வேண்டும் என்று மன்றாடிய ஆண்டவரே, உம் வருகைக்காக ஒரே வளையத்தைச் சுற்றி நிற்கும் எங்களை, நீர் விரும்பும் காலத்தில், நீர் விரும்பும் வழியில், ஒரே பந்தியைச் சுற்றியும் அமரச் செய்யும். அதுவரை எங்கள் காத்திருத்தலில் கசப்பு நுழையாமல் காத்தருளும். ஆமென்.